அப்பா இனிமேல் கண்டக்டர்

கேள்வி: கோத்தகிரியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். வயது 27. லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மேட்டுப்பாளையம் ரூட்டில் பல வருடம் ஓட்டியிருக்கிறார். இப்போது வலது முழங்கால் சரியாக மடங்குவதில்லை, வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேட்டுப்பாளையத்தில் பிசியோதெரபி. அவருடைய பழைய 100 சிசி பைக்கில் நான்தான் கூட்டிப் போகிறேன். தனியாகப் போனால் எனக்குப் பயமே இல்லை. அப்பா ஏறினால் வண்டி என் பேச்சைக் கேட்பதில்லை. வளைவில் நான் ஒரு பக்கம் சாய்ந்தால் அவர் மறுபக்கம் போகிறார். “பிரேக்கு கண்ணு, பிரேக்கு!” என்று காதில் கத்துகிறார். வண்டி மெதுவானாலே காலைக் கீழே வைத்துவிடுகிறார். போன மாதம் ஒரு இடது வளைவில் நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டோம், எதிரே தேயிலை லாரி. லாரிக்காரர் நிறுத்தியதால் தப்பித்தோம். நான் 50 கிலோ, அப்பா 76 கிலோ. “உன்னால முடியாது, பஸ்ல போகச் சொல்லு” என்று அண்ணன் சொல்கிறான். அப்பாவிடம் எப்படி எடுத்துச் சொல்வது? நிஜமாகவே என்னால் முடியாதா?
— வாசகி, கோத்தகிரி

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். நான் குன்னூரில் பதினாறு வருடம் பட்டறை வைத்திருந்தேன், அப்புறம் டூவீலர் ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்தேன். உங்களைவிட மெலிந்த பெண்கள் உங்கள் அப்பாவைவிடக் கனமானவர்களைப் பின்னால் வைத்துக்கொண்டு இந்த மலையில் தினமும் ஏறி இறங்குகிறார்கள். ஓடுகிற வண்டியில் ஓட்டுபவரின் எடை பெரிய விஷயமில்லை. நிற்கிற வண்டியில்தான் அது விஷயம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அண்ணன் சொல்வதும் முழுக்கத் தப்பில்லை. சில நாட்களில் பஸ்தான் சரி. அதையும் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது இதுதான்: உங்கள் அப்பா சாய்வது பயத்தால் இல்லை, தொழில் பழக்கத்தால். பஸ் வளைவில் திரும்பும்போது, ஸ்பிரிங் மேல் நிற்கும் பாடி வெளிப்பக்கம் சாயும். கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்தாலே டிரைவரின் வயிற்றில் ஒரு மணி அடிக்கும், ஏனென்றால் பஸ்ஸுக்குச் சாய்வு என்றால் கவிழ்வதற்கான அறிகுறி. வண்டி எப்படிப் போனாலும் தன் உடம்பையும் கண்ணையும் நேராக நிறுத்தி வைத்துத்தான் அவர் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார். இப்போது நீங்கள் வளைவில் பைக்கைச் சாய்க்கிறீர்கள். அந்த மணி அடிக்கிறது. அவர் தன்னை நிமிர்த்திக்கொள்கிறார். பைக் இடது பக்கம் சாய்ந்திருக்கும்போது ஒருவர் நிமிர்ந்தால், பைக்கைப் பொறுத்தவரை அவர் வலது பக்கம் சாய்ந்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

பைக்கோ சாய்ந்தால்தான் திரும்பும். வண்டி, நீங்கள், அப்பா, மூன்றும் சேர்ந்த மொத்த எடை எவ்வளவு உள்ளே சாய்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. 76 கிலோ வெளிப்பக்கம் போய்விட்டால், அதே வளைவை எடுக்க வண்டியை நீங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்க்க வேண்டும். யாருக்கும் அந்த நேரத்தில் அது வராது, கை இறுகிவிடும். வண்டி வளைவை விட்டு வெளியே போகும். இடது வளைவில் வெளியே என்றால் எதிர்த் தடம், உங்கள் லாரி. வலது வளைவில் வெளியே என்றால் ஓரத்துச் சாக்கடை, இல்லாவிட்டால் தடுப்புச் சுவர்.

இன்னொன்றும் நடந்திருக்கும், நீங்கள் எழுதவில்லை. அவர் கத்தியதும் நீங்கள் பிரேக்கைப் பிடித்திருப்பீர்கள். சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும் வண்டியில் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிமிரும், நேராக ஓடப் பார்க்கும். அதோடு கண்ணும் லாரியையே பார்த்திருக்கும். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். ஆக, அன்றைக்கு அப்பா பாதி, நீங்கள் பாதி. வேகத்தைக் குறைப்பது, கியரை மாற்றுவது எல்லாம் வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டில் முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் போன பிறகு ஆக்சிலேட்டரை ஒரே சீராக லேசாகப் பிடித்துக்கொண்டு, வளைவு முடியும் இடத்தைப் பார்த்தால் போதும்.

சரி, அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

ரோட்டில் சொல்லாதீர்கள். “நீங்க தப்பா உக்காருறீங்க” என்று ஆரம்பிக்கவே வேண்டாம். அதே ரூட்டில் ஐம்பது அறுபது பேரை ஏற்றி இறக்கிய மனிதர், இன்றைக்கு மகள் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகிறார். அவருக்கு அது சும்மா இருக்காது. வீட்டில் டீ குடிக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “அப்பா, பஸ்ல முன் கண்ணாடிகிட்ட தொங்கும் பாருங்க மணி, வளைவுல அது எந்தப் பக்கம் ஆடும்?” வெளிப்பக்கம் ஆடும் என்று உடனே சொல்வார். கையை ஆட்டியே காட்டுவார். அப்புறம் சொல்லுங்கள்: பைக்கில் ஹேண்டில்பாரில் ஒரு பையைத் தொங்கவிட்டு வளைவில் ஒழுங்காகச் சாய்ந்து திரும்பினால், அந்தப் பை வெளியே ஆடாது. வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அதே கோட்டில் வண்டியோடு சேர்ந்து நிற்கும். அந்தப் பை மாதிரி உட்கார்ந்தால் போதும். வண்டி நன்றாகத் தெரிந்தவருக்கு இந்த ஒரு விளக்கம் பத்து நாள் சொல்லிக்கொடுப்பதற்குச் சமம். (காட்டுவதற்காக நிஜமாகவே ஹேண்டிலில் பையை மாட்டிக்கொண்டு மலை இறங்காதீர்கள். திருப்பும்போது டேங்க்கில் சிக்கும்.)

“சாயுங்கப்பா” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சாயச் சொன்னால், உங்களுக்கு முன்பே, உங்களைவிட அதிகமாகச் சாய்வார். அதுவும் தொல்லை. அவருக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: இடது வளைவு வந்தால் உங்கள் இடது தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்க்க வேண்டும், வலது வளைவு வந்தால் வலது தோளுக்கு மேலாக. அவ்வளவுதான். தலை திரும்பினால் உடம்பு தானாக உங்கள் பின்னாலேயே வரும். நான் எத்தனையோ பேரை இப்படித்தான் பழக்கியிருக்கிறேன். பத்து வளைவு தாண்டினால் பிடிபட்டுவிடும்.

அடுத்தது கத்துவது. அவர் வாயை மூட முடியாது, அதனால் கைக்கு வேலை கொடுங்கள். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் ரைட், போகலாம். இது உங்கள் அப்பாவுக்கு ரத்தத்தில் ஊறியது. அதையே இங்கே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதுகில் ஒரு தட்டு: நேரான இடம் பார்த்து ஓரங்கட்டு. இரண்டு தட்டு: நான் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டேன், கிளம்பலாம். தட்டு விழாமல் நீங்கள் கிளட்சை விடக் கூடாது. ஒரே வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருந்தால் வண்டி உருப்படாது, பின்சீட்டில் கண்டக்டர் ஒருவர் இருந்தால் பிரயோஜனம். பின்னால் வரும் வண்டி, ஓரத்தில் மாடு, எதிர் வளைவில் மேலே தெரியும் பஸ்ஸின் கூரை, இதையெல்லாம் பார்த்து நேர் ரோட்டில் சொல்லட்டும். வளைவுக்குள் வாய் திறக்கக் கூடாது என்பது மட்டும் கண்டிஷன்.

எங்கே பிடித்துக்கொள்வது என்பதிலும் தகராறு இருக்கும். அப்பாக்கள் மகளின் தோளைத்தான் பிடிப்பார்கள். தோளில் கனம் இறங்கினால் அது நேராக ஹேண்டிலுக்குப் போகும், அவர் அசைந்தால் வண்டி அசையும். ஒரு கையால் சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியைப் பிடிக்கட்டும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது அவர் மொத்தமாக முன்னால் சரிந்து உங்களை டேங்க்கின் மேல் தள்ளுவார். அந்தக் கனத்தை உங்கள் மணிக்கட்டு தாங்கும், அப்புறம் கை எப்படி லேசாக இருக்கும்? அதைத் தடுக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு பழைய அகலமான தோல் பெல்ட்டை ஜெர்கினுக்கு மேலே உங்கள் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். அப்பா மற்றக் கையால் அந்த பெல்ட்டைப் பிடிக்கட்டும். கம்பியைப் பிடித்த கையும் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றிய காலும் அவரை நிறுத்த வேண்டும். பெல்ட், உங்கள் அசைவு அவருக்குத் தெரிவதற்கு.

இப்போது பிரேக். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தனியாகப் போகும்போது தெரியாத குறை ஆள் ஏறினால்தான் தெரியும்.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 320. நடுவில் 33 கிலோமீட்டர் ரோடு. வண்டி 110 கிலோ, நீங்கள் இருவரும் 126 கிலோ. இவ்வளவு எடையை அவ்வளவு ஆழத்துக்கு இறக்கும்போது வெளிப்படும் சக்தி எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. அதில் ஒரு பங்கை எதிர்க்காற்று எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உள்ளங்கை அளவு பிரேக் ஷூக்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் வண்டியில் முன்னும் பின்னும் டிரம் பிரேக்காகத்தான் இருக்கும், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உள்பக்கத்தில் ஷூ உரசி நிறுத்தும். டிரம் சூடேறினால் விரியும், ஷூவை விட்டு விலகும். ஷூவின் மேல் ஒட்டிய லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். பெடல் வழக்கத்தைவிடக் கீழே போக ஆரம்பிக்கும். கருகிய வாடை வரும். குஞ்சப்பனை பக்கம் நின்றால் கீழ்நாட்டுக் கார்களிலிருந்து அந்த வாடை எப்போதும் வந்துகொண்டிருக்கும். மே மாத சீசனில் மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாக விட்டு, இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். அப்போது கேட்கவே வேண்டாம். அந்தக் கார்களின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.

எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்கு. இதை உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், காட் ரோடு டிரைவர்களின் முதல் பாடமே இதுதான். அவர் மணிக்கணக்காகச் சொல்வார், சொல்லவிடுங்கள். பைக்குக்கும் அதேதான். இரண்டு பேரோடு உங்கள் வண்டி அநேகமாக மூன்றாவது கியரில் இறங்க வேண்டும், கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது. எஞ்சின் கொஞ்சம் கத்தும், கத்தட்டும். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, விட்டுவிடுங்கள். விட்டிருக்கும் நேரத்தில்தான் டிரம் ஆறும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கும் ஆட்கள் நம் ஊரில் நிறைய. ஒரு ஆள் பின்னால் இருக்கும்போது அந்த மிச்சம் வேண்டவே வேண்டாம்.

நடுவழியில் பெடல் இறங்குவது போல் தெரிந்தால் அரவேனுவிலோ குஞ்சப்பனையிலோ நிறுத்திவிடுங்கள். இருபது நிமிடம் தானாக ஆறட்டும். டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம், கோணலும் ஆகலாம். பல வண்டிகளில் பிரேக் பேனலின் (டிரம்மை மூடியிருக்கும் தட்டு) வெளிப்பக்கம் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடித்து அதைப் பாருங்கள். அம்பு கோட்டைத் தொட்டால் ஷூ முடிந்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் பார்க்க வேண்டிய விஷயம் இது.

இனி நிற்கிற வண்டி. நான் ஓடுகிற வண்டியில் யாரையும் கீழே போட்டதில்லை. நின்ற வண்டியில் என் மாமியாரைக் கீழே போட்டிருக்கிறேன். கட்டபெட்டில் டீ குடிக்கலாம் என்று ஓரங்கட்டினேன். ரோடு ஓரத்துக்குச் சரிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. இடது காலை ஊன்றினால் தரை வரவில்லை. ஒரு சாண் கீழே இருந்தது. அவ்வளவுதான், ரொம்ப மரியாதையாக, மெதுவாக, இரண்டு பேரும் வண்டியோடு புல்லில் சாய்ந்தோம். யாருக்கும் அடியில்லை. ஆனால் இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் அந்தக் கதையை நாலு பேருக்குச் சொல்லாமல் அவர் இலையில் உட்காருவதில்லை.

அதனால் நிறுத்துவதற்கு முன்னால் உங்கள் இடது கால் எங்கே ஊன்றப்போகிறது என்று பாருங்கள். மேடாகவோ சமமாகவோ இருக்கும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். 76 கிலோ பின்னால் இருக்கும் வண்டி கொஞ்சம் சாய்ந்துவிட்டால் 50 கிலோவால் தூக்கி நிறுத்த முடியாது, நான் இருந்தாலும் முடியாது. சாயவிடாமல் இருப்பது ஒன்றுதான் வழி. வண்டி நிற்கும் வரை அப்பா காலை எடுக்கக் கூடாது. நின்ற பிறகும் நீங்கள் “இறங்குங்க” என்று சொல்லும் வரை எடுக்கக் கூடாது. உதவி செய்வதாக நினைத்துத்தான் அவர் காலை வைக்கிறார். மெதுவாக நகரும் வண்டியில் பின்னால் இருப்பவரின் கால் தரையில் பட்டால், அது பின்னுக்கு இழுபடும், ஃபுட்ரெஸ்ட் கெண்டைக்காலில் இடிக்கும், வண்டியும் அந்தப் பக்கம் இழுக்கும். அவருக்கு ஏற்கனவே முழங்கால் சரியில்லை.

ஏறும் விஷயத்திலும் அந்த முழங்கால்தான் பிரச்சினை. இடது பக்கமிருந்து ஏறும்போது வலது காலைத்தான் மடக்கித் தூக்கி சீட்டைத் தாண்டிப் போட வேண்டும். மடங்காத காலை அவர் வீசிப் போடுவார், அந்த வீச்சில் வண்டி ஆடும். வீட்டு வாசல் படியை ஒட்டி, படி உங்கள் இடப்பக்கம் வரும்படி, சம தரையில் வண்டியை நிறுத்துங்கள். நீங்கள் முதலில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் படியில் ஏறி நின்று அங்கிருந்து காலைப் போடட்டும். பாதி உயரம் குறைந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் பிளாட்ஃபார்மை ஒட்டி இதையே செய்யலாம். சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது ஏற்றாதீர்கள், அது அவ்வளவு எடைக்கானது இல்லை. இந்த முழங்காலோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் மடக்கி உட்காரலாமா என்பதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது எனக்குத் தெரிந்த வேலை இல்லை. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி அவரைக் கொஞ்சம் நடக்கவிடுங்கள் என்று மட்டும் நான் சொல்வேன்.

வண்டியைத் தயார் செய்வது சின்ன வேலை. டயர் காற்று ஒருவர் போக எவ்வளவு, இருவர் போக எவ்வளவு என்று வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ தனித்தனியாக இருக்கும். பின் டயருக்கு ஏழெட்டு பவுண்டு வித்தியாசம் வரும் வண்டிகள் உண்டு. அப்பா வரும் நாளில் கோத்தகிரியிலேயே டயர் சூடாவதற்கு முன் பிடித்துக்கொள்ளுங்கள். பின் ஷாக்கின் அடியில் படிப்படியாகத் திருப்பும் வளையம் இருக்கும், அதை இரண்டு பக்கமும் ஒரே அளவில் கெட்டிப்படுத்தச் சொல்லுங்கள். அதைச் செய்யாவிட்டால் பின்பக்கம் அமுங்கி ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். பனிமூட்டத்தில் உங்களுக்கு ரோடு தெரியாது, எதிரில் வருபவருக்குக் கண் கூசும். பல 100 சிசி வண்டிகளின் கையேட்டில் தாங்கும் சுமை 130 கிலோ என்றுதான் போட்டிருக்கும். நீங்கள் இருவருமே 126. இரண்டு ஹெல்மெட்டைச் சேர்த்தால் ஏறக்குறைய நிறைந்துவிட்டது. திரும்பும்போது மலிவாகக் கிடைக்கிறது என்று வாழைத்தார் வாங்கினால் அதைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள்.

அப்பா வேட்டியில் வருவாரானால் நுனியை நன்றாகச் செருகி, பின் சக்கரத்தின் மூடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் இருப்பவரின் துணி சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதியிலேயே உண்டு. அழகுக்காகக் கழற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சால்வை, மப்ளர், உங்கள் துப்பட்டா எல்லாம் ஜெர்கினுக்குள்ளே. ஹெல்மெட் இருவருக்கும். பின்னால் உட்காருபவருக்கு எதற்கு என்று அவர் கேட்டால், நாலு வயதுக்கு மேல் எல்லோருக்கும் சட்டம், இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் என்று சொல்லுங்கள். டிரைவர்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுவார்கள்.

இன்ஷூரன்ஸ் பேப்பரையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பழைய வண்டி என்பதால் பலரும் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போட்டிருப்பார்கள். அந்தக் கட்டாயக் காப்பீடு மட்டும் இருந்தால், பின்னால் சும்மா உட்கார்ந்து வருபவருக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இலேயே சொல்லிவிட்டது. முழுக் காப்பீடு போடுவது பற்றியும், பின்சீட்டுக்காரருக்கு விபத்துக் காப்பு தனியாகச் சேர்ப்பது பற்றியும் புதுப்பிக்கும்போது கேளுங்கள். வண்டி அப்பா பெயரில் இருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள்.

உடனே மேட்டுப்பாளையம் கிளம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏதாவது காலி மைதானத்துக்கு அவரைக் கூட்டிப் போங்கள். பத்து முறை கிளம்பி நிறுத்துங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு, ஒரு தட்டு. பிறகு இடதும் வலதுமாக மெதுவாக வட்டம் போடுங்கள், அவர் தோளுக்கு மேலே பார்க்கப் பழகட்டும். பிறகு 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் நன்றாக பிரேக் பிடியுங்கள். இரண்டு ஹெல்மெட்டும் முட்டிக்கொள்ளும், மூன்றாவது தடவை முட்டாது. அடுத்த ஞாயிறு அரவேனு வரை போய்த் திரும்புங்கள். அங்கே போய் உட்கார்ந்து எந்த வளைவு சரியில்லை என்று அவரிடமே கேளுங்கள்.

ஏறி வரும்போது கவலை குறைவு, ஆனால் ஒன்று. இடது கொண்டை ஊசியின் உள் ஓரம்தான் ரொம்பச் செங்குத்து. அங்கே எஞ்சின் திணறி நின்றால் இரண்டு பேரும் சாய்வீர்கள். உங்கள் தடத்துக்குள்ளேயே கொஞ்சம் வெளியே எடுத்து, வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். குறுகலான இடத்தில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. அதை நம்பி வண்டியைக் குறுக்கே மட்டும் விடாதீர்கள்.

இனி பஸ் நாட்கள். ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் பைக்கை எடுக்காதீர்கள். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் நாற்பது பேருக்கு மேல் போனார்கள். உங்கள் அப்பாவுக்கு அந்த நவம்பர் நினைவிருக்கும். மூட்டம் இறங்கி முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மங்கும் நாளிலும் பஸ்தான். பலாப்பழ சீசனில் முள்ளூர், குஞ்சப்பனை பக்கம் யானை இறங்கும். அந்த மாதங்களில் விடியற்காலையும் இருட்டும் நேரமும் வேண்டாம். தனியாக இருந்தால் வண்டியைச் சட்டென்று திருப்பிவிடலாம், பின்னால் ஆள் இருந்தால் அவ்வளவு அகலமே உள்ள ரோட்டில் திருப்ப இரண்டு மூன்று வெட்டு வேண்டும். தூரத்தில் பார்த்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், முன்னால் ஒரு பஸ் வரும் வரை காத்திருங்கள். அப்புறம், அப்பாவின் முழங்கால் அன்றைக்கு ரொம்ப வலித்தாலும் பஸ்தான்.

பஸ்ஸில் போகும் நாளில் அவரை டிரைவருக்கு நேர் பின்சீட்டில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். அந்த டிரைவர் பாவம்.